குடும்ப அறக்கட்டளைப் பணத்தில் தொழிற்பயிற்சி: செட்டிநாட்டில் எங்கிருந்து தொடங்குவது?

கோனாபட்டுப் பேத்தி:

வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் எல்லோருடைய அனுபவமும் வேண்டும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) அப்பச்சி, ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போய், அதாவது கடல் கடந்து தொழில் செய்து, சம்பாதித்ததில் ஒரு பங்கை ஊருக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். அதுவே பின்னால் அறக்கட்டளையாகப் பதிவானது. இத்தனை வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, சிலருக்குக் கல்லூரிக் கட்டணம், ஆடியில் ஒரு நாள் அன்னதானம், அவ்வளவுதான் நடந்து வந்தது. இப்போது சென்னையில் இருந்த ஒரு கட்டடத்தை விற்றதில் நிதி கூடியிருக்கிறது. போன மாதம் படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, பங்காளிகள் கூடியபோது, இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்றுவிட்ட பிள்ளைகள் நிறைய. வானம் பார்த்த பூமி. தனியாகக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருக்கிற பெண்களும் நிறைய. இவர்களுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து, சொந்தக் காலில் நிற்க உதவலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்.

எப்படி என்பதில்தான் சிக்கல். பூட்டிக் கிடக்கிற வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டைச் சுத்தம் செய்து, இருபது தையல் மெஷின் வாங்கிப் போட்டு, ஒரு பயிற்சி மையம் திறந்துவிடலாம் என்கிறார் பெரியப்பச்சி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. தையல் மையம் நடத்தியவர்கள், படித்தவர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தையல்:

ஆச்சி, நான் அப்படி ஒரு மையத்தில் படித்தவள். ஏன் ஒப்பவில்லை என்று நான் சொல்கிறேன்.

மூன்று மாதப் பயிற்சி. முப்பது பேர். கடைசி நாள் பந்தல் போட்டு, சான்றிதழும் ஆளுக்கொரு மெஷினும் கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? பை, பாவாடை, சாதா ஜாக்கெட். வீட்டுக்கு வந்து மெஷினைப் போட்டதும் பக்கத்து வீட்டு அக்கா முதல் துணி கொண்டுவந்தார்கள். லைனிங் வைத்த ஜாக்கெட், அதுவும் பட்டு. கழுத்தைக் கெடுத்துவிட்டேன். துணிக்காசை நான்தான் கொடுத்தேன். அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாரும் துணி தரவில்லை.

நான் தொழில் கற்றது அதற்குப் பிறகு. தேவகோட்டையில் ஒரு அக்காவின் கடையில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்தேன். முதல் ஆறு மாதம் கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது, காஜா எடுப்பது. சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு மட்டும். என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய் வீட்டைப் பார்த்துக்கொண்டதால் நான் உட்கார முடிந்தது. அளவு எடுப்பது, வந்தவர் வாயால் சொல்லாததைப் புரிந்துகொள்வது, சொன்ன தேதிக்குக் கொடுப்பது, கடன் சொல்கிறவரிடம் முகம் கோணாமல் காசு வாங்குவது, எல்லாம் அங்கே பார்த்துப் பார்த்துப் படிந்தது. இன்றைக்கு என் கடையில் என்னோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

என்னோடு படித்த முப்பது பேரில் கடை வைத்திருப்பது நானும் இன்னொருத்தியும்தான். மற்றவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் உட்கார அவர்கள் வீட்டில் வழி இல்லை.

மகமைக் கணக்கு:

இந்த அக்கா எழுதியதைப் படித்ததும் என் ஐயா சொல்லிக் கேட்டது நினைவுக்கு வந்தது.

நம் நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போய்த் தொழில் செய்தார்களே, அவர்கள் எந்த மையத்தில் படித்தார்கள்? பையனுக்கு மீசை முளைக்கும் முன்பே ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்த்துவிடுவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பதியப் பழகுவான். பிறகு அடுத்தாள். பிறகு கடையையே பார்த்துக்கொள்கிற ஏஜண்டு. ஏஜண்டாகப் போனால் மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடிந்து ஊர் திரும்பி, நல்ல பெயர் எடுத்திருந்தால், முதலாளியே கை கொடுத்துத் தனிக்கடை வைக்க விடுவதும் உண்டு. கற்கிற காலத்திலேயே வயிற்றுக்கு வழி, கற்று முடித்தால் முதலுக்கு வழி, பின்னால் நிற்க ஒரு பெயர், மூன்றும் ஒரே சங்கிலியில் இருந்தன.

கோனாபட்டு ஆச்சிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக் கணக்கில் மகமை என்று ஒரு பற்று இருக்கும். லாபம் பிரிக்கிறபோது அறத்துக்கென்று எடுத்து வைத்தது அது. மிஞ்சினால் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. உங்கள் ஐயா ஒதுக்கியதும் அந்த வழியில் வந்த பணமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நம் வீட்டுப் பையன்கள்தான் உட்கார்ந்தார்கள். வேறு வீட்டுப் பையன் சமையலுக்கும் எடுபிடிக்கும் கூட வந்தான், பெட்டியடிக்கு வரவில்லை. 1937-ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. அப்படிப் பணமும் தொழில் அறிவும் புழங்கிய ஊருக்கு மூன்று மைல் தள்ளி இருந்த கிராமத்துக்கு அந்த அறிவில் ஒரு துளியும் போய்ச் சேரவில்லை. இப்போது உங்கள் கையில் இருப்பது அதைக் கொண்டுசேர்க்கிற வாய்ப்பு.

ஆத்தங்குடிப் பட்டறை:

நான் ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிறவன், அப்பா காலத்திலிருந்து. எங்கள் பக்கம் எப்படி என்று சொல்கிறேன், ஆச்சிக்கு உதவலாம்.

கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கான நிறத்தைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். வெள்ளை சிமெண்டில் கரைத்த நிறம். அச்சைத் தூக்கும்போதுதான் வித்தை இருக்கிறது. கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அப்புறம் மேலே மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் பார்த்து, ஒரு நாள் விட்டுத் தொட்டித் தண்ணீரில் போட வேண்டும். காய்ந்தபின் கண்ணாடி தானாக விடும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சூளையும் கிடையாது, கரண்டும் கிடையாது. எங்கள் ஊர் மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

சட்டம் பிடித்து மட்டம் பார்க்க ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். நிறம் ஊற்றக் கை படிய எங்கள் பட்டறைக் கணக்கில் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் உடைகிற கல், கலங்குகிற கல் எல்லாம் என் நஷ்டம். கூலி எண்ணிக்கைக்கு. புதுப் பையன் பழைய ஆள் போடுவதில் கால்வாசி போட்டால் கால்வாசிக் கூலிதான் கிடைக்கும். அதை வைத்துப் பஸ்ஸுக்கும் டீக்கும் போனால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? இரண்டு மாதத்தில் கட்டட வேலைக்குப் போய்விடுகிறான். நான் அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அறக்கட்டளை அந்த முதல் வருஷத்துக் கூலியில் பாதியையும், உடைகிற கல்லுக்கு ஒரு தொகையையும் ஏற்றுக்கொண்டால், நாளைக்கே நாலு பேரைச் சேர்த்துக்கொள்வேன். கட்டடம் வேண்டாம். பட்டறை இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது, கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது.

ஐடிஐ வாத்தியார்:

பட்டறைக்காரர் சொல்வதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது: தொழில் பழகுநர். 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 பேர் முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பப்பட்டு எடுக்கலாம். 2016 முதல் ஒரு மத்திய அரசுத் திட்டம் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஏற்றுக்கொள்கிறது.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். தச்சுப் பட்டறை, தறி, தையல் கடை, டூ வீலர் மெக்கானிக், கல் பட்டறை. இவற்றில் எத்தனை இடத்தில் நாலு பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள்? பெரும்பாலும் அப்பாவும் மகனும் ஒரு கூலியாளும். ஆக, உண்மையில் தொழில் இருக்கிற இடம் சட்டத்தின் உதவிக்கு வெளியே நிற்கிறது. அரசுப் பணம் நுழைய முடியாத அந்த இடத்தில் ஒரு குடும்ப அறக்கட்டளை நுழையலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நான் முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன். வகுப்பு தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். அளவு, கணக்கு, படம் பார்ப்பது, மின்சாரத்தில் பாதுகாப்பு, இதெல்லாம் வகுப்பில்தான் ஒழுங்காக வரும். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, ஐந்து நாள் பட்டறை என்று வைத்தால் சரியாக இருக்கும்.

தெற்குத் தெரு:

எல்லாம் படித்தேன். அக்கா, கொஞ்சம் மனம் விட்டு எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல், தறி என்று பேச்சு போகிறது, அடுத்து கொட்டான் (பனையோலைக் கூடை) வரும். எல்லாம் அழகான தொழில். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டீர்களா? நான் காரைக்குடியில் ஏசி, பிரிட்ஜ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திருப்பூரில் ஒருவரிடம் மூன்று வருஷம் உதவியாளாக இருந்து கற்றேன். என் தங்கை நர்ஸிங் உதவியாளராகப் போக ஆசைப்பட்டாள், பணம் கட்ட முடியாமல் நின்றுவிட்டாள். பழைய வீடுகளின் அழகைக் காப்பாற்றுகிற பொறுப்பு எங்கள் பிள்ளைகளின் தலையில் வந்து விழக்கூடாது. அவர்களுக்குப் பிடித்திருந்தால் வரட்டும், நல்ல கூலி இருந்தால் வரட்டும்.

இரண்டாவது, இடம். இரண்டாம் கட்டில் மையம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அம்மா பல வருஷம் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்தார்கள். பின்கட்டு வாசல் வழியாகப் போய்ப் பின்கட்டு வாசல் வழியாக வந்தார்கள். முகப்பில் அவர்கள் நின்றதே இல்லை. அதே மாதிரி வீட்டில், அதே பின்வாசல் வழியாகப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்ப எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மனசு வராது. வெளியே சொல்ல மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். நீங்களும் ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மூன்றாவது, முதல். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023-ல் வந்தது. முதலீட்டில் 35 விழுக்காடு மானியம். நல்ல திட்டம். ஆனால் கடை வாடகைக்கு முன்பணம், விலைப்புள்ளி, வங்கிக்கு அலைகிற நாட்களில் இழக்கிற கூலி, இதற்கெல்லாம் முதலில் கைக்காசு வேண்டும். நான் அதற்கு வட்டிக்கு வாங்கினேன். ஒருவர் கூட வந்து வங்கியில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

கோனாபட்டுப் பேத்தி:

தம்பி, தவறாக எடுக்க ஒன்றுமே இல்லை. வாசல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டில் நான் பிறந்து வளர்ந்தவள், எந்த வாசல் யாருக்கு என்பது என் கண்ணுக்கே படாமல் இருந்திருக்கிறது. அதை நினைத்து இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. பெரியப்பச்சியிடம் இந்தப் பதிவை அப்படியே படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள்.

தங்கை இப்போதும் அந்தப் படிப்புக்குப் போக நினைக்கிறாளா?

தெற்குத் தெரு:

நினைக்கிறாள் அக்கா.

பனங்குருத்து:

கொட்டான் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். முன்பு கொட்டான் பின்னியது ஆச்சிமார்கள். கல்யாணச் சீரில் வைக்கிற பொருள், மத்தியான நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து பின்னுவார்கள். அந்தத் தலைமுறையோடு அது போய்விடும் என்ற நிலையில்தான் 2000-ல் விசாலாட்சி ராமசாமி ஆச்சி எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 2004-ல் யுனெஸ்கோவின் தரச் சான்று கிடைத்தது. பிறகு புவிசார் குறியீடும் வந்தது.

நான் அவர்களிடம் வேலை செய்தவள் இல்லை, பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பின்னல் சொல்லிக்கொடுத்ததோடு விட்டிருந்தால் அது இவ்வளவு காலம் நின்றிருக்காது. சீர்த்தட்டுக்கு மட்டும் போன பொருளை இன்றைய கல்யாணத் தாம்பூலத்துக்கும் அன்பளிப்புக்கும் ஏற்ற அளவில் செய்து, வாங்குகிறவரைத் தேடிப் பிடித்தது பெரிய வேலை. அதுதான் நம்மால் தனியாக முடியாதது.

நாங்கள் ஏழு பேர் தனியாகப் பின்னுகிறோம். எங்கள் கஷ்டம் ஓலை. நல்ல குருத்து எல்லா மாதமும் கிடைக்காது. கிடைக்கிற காலத்தில் மொத்தமாக வாங்கிக் காயவைத்து, சாயம் போட்டு வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க வேலை ஓடும். அந்த நேரத்தில் கையில் காசு இருக்காது. மரம் ஏறுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஏறத் தெரிந்த இரண்டு பேருக்கு நீங்கள் கருவி வாங்கிக் கொடுத்தால்கூட அது எங்களுக்குப் பெரிய உதவிதான்.

ஓய்வு பெற்ற மேலாளர்:

வங்கியில் இருந்த காலத்தில் சிறுதொழில் கடன் பார்த்தவன் என்ற முறையில் நாலு விஷயம்.

முதலில் மாவட்டம். கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம், ஆத்தங்குடி சிவகங்கை மாவட்டம். நமக்கு எல்லாம் செட்டிநாடுதான். விண்ணப்பம் போடுகிறவருக்கு மாவட்டத் தொழில் மையம் வேறு வேறு. இது தெரியாமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையமும் உண்டு. தங்கிப் படிக்கலாம், சாப்பாடு உட்பட எல்லாம் இலவசம். பயிற்சிக்குப் பிறகும் இரண்டு வருஷம் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி. அங்கே இருக்கிற பயிற்சியை நீங்கள் மறுபடி நடத்த வேண்டாம். போகிற பெண்ணின் குழந்தையை அந்த நாட்களில் யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கு மட்டும் வழி செய்யுங்கள், போதும்.

கைவினைஞர்களுக்கு மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 3 லட்சம் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். 35 வயது ஆகியிருக்க வேண்டும். படித்த இளைஞர்கள் தொழில் தொடங்க மாநில அரசின் நீட்ஸ் திட்டம். இதையெல்லாம் அறக்கட்டளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் வேலை முடியாது. தெற்குத் தெரு தம்பி சொன்னதுதான் சரி, கூடப் போய் உட்கார ஒரு ஆள் வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம். என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அடுத்தது, தொழில் ஏன் நொடிக்கிறது என்பது. நான் பார்த்த வாராக்கடன்களில் தொழில் தெரியாமல் போனவை குறைவு. சரக்கு போய்விட்டது, காசு வரவில்லை, அடுத்த சரக்குக்கு முதல் இல்லை, இதுதான் கதை. பெரிய வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துத் தருவார். அதற்குள் இவர் கந்துவட்டிக்குப் போய்விடுவார். சிறு நிறுவனத்திடம் வாங்கிய பொருளுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க உத்யம் பதிவு (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வேண்டும், பில் வேண்டும், கேட்கிற துணிச்சலும் வேண்டும். நாளைக்கு அவரிடமே ஆர்டர் கேட்க வேண்டுமே. அறக்கட்டளை அந்த இடைவெளிக்கு ஒரு சுழல்நிதி, அதாவது ஒருவர் திருப்பித் தந்ததும் அடுத்தவருக்குப் போகிற பணம், வைத்தால், மேலே ஒரு தங்கை சொன்ன ஓலைப் பிரச்சினையும் அதிலேயே தீரும்.

கடைசியாக, எல்லோரையும் முதலாளி ஆக்க நினைக்காதீர்கள். பத்துப் பேர் கற்றால் இரண்டு பேர் கடை வைப்பார்கள். எட்டுப் பேர் நல்ல சம்பளத்துக்குப் போவார்கள். அந்த எட்டுப் பேரைத் தோல்வியாக எழுதிவிடக்கூடாது.

காரைக்குடி ஆடிட்டர் அலுவலகம்:

மேலாளர் ஐயா சொன்ன சுழல்நிதியைப் பற்றிப் பேசும் முன் ஒன்று: பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். நோக்கங்கள் என்ற பகுதியில் கல்வி, ஏழைகளுக்கு உதவி என்று இருந்தால் தொழிற்பயிற்சி அதற்குள் வந்துவிடும். அன்னதானத்துக்கென்றே எழுதி வைத்த சொத்து தனியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். பொது அறக்கட்டளையின் நோக்கத்தை மாற்ற, பங்காளிகள் கூடிப் போடுகிற கையெழுத்து போதாது, நீதிமன்றம் போக வேண்டிவரும்.

வரிவிலக்கு வாங்கியிருந்தால் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவு செய்ய வேண்டும் என்பது பொது விதி. கட்டடம் விற்ற பணத்துக்கு வேறு கணக்கு உண்டு, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பயன் பெறுகிறவர்கள் ஒரு குறிப்பிட்ட சாதிக்குள் மட்டும் இருந்தால் விலக்கே போய்விடலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கென்று செய்வதற்கு அந்தத் தடை இல்லை. பங்காளி வீட்டுப் பிள்ளைக்கு இதில் ஒரு இடம் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், சட்டம் விடாது என்று சொல்லிவிடுங்கள், உண்மையும் அதுதான். சொந்த வீட்டை மையமாக்கி அதற்கு அதிக வாடகை எழுதுவதும் கூடாது.

பலகாரக் கடை, பள்ளத்தூர்ப் பக்கம்:

தேன்குழல், மணகோலம், சீப்பு சீடை போடுகிறேன். ஒன்றே ஒன்று. சமையல் பயிற்சி என்று யாராவது யோசனை சொன்னால், பக்குவத்தைவிடப் பாக்கெட் போடுவது, நாள் குறிப்பது, உணவுப் பாதுகாப்புப் பதிவு, கூரியர், இதைச் சொல்லிக்கொடுங்கள். நம் பெண்களுக்குப் பக்குவம் தெரியும். எண்ணெய்க் காறல் வராமல் எத்தனை நாள் தாங்கும் என்று அட்டையில் எழுதத்தான் தெரியாது.

ஆத்தங்குடிப் பட்டறை:

தெற்குத் தெரு தம்பிக்கு. கூலி நல்லதாக இருந்தால் வரட்டும் என்று எழுதியிருந்தீர்கள். நியாயம். எங்கள் தொழிலில் கூலி ஏன் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரக் கல்லோடு விலையில் போட்டி போட்டுக்கொண்டே இருந்தோம். இடையில் வாங்கி விற்கிறவர் சொன்ன விலைக்குக் கொடுத்தோம். ஐந்தாறு வருஷமாகக் கட்டடக் கலைஞர்கள் நேராக வருகிறார்கள், பழைய வீட்டு ஹோட்டல்கள் வருகின்றன. நேராக விற்கிற கல்லுக்குக் கூலி கூட்டிக் கொடுக்க முடிகிறது. எங்களிடம் இப்போது நிறம் ஊற்றுவதில் முதல் ஆள் ஒரு பெண். எண்ணிக்கைக் கூலியை விட்டு அவருக்கு மாதச் சம்பளம் போட்டிருக்கிறேன். அறக்கட்டளை கூலியில் பாதி கொடுக்கிறது என்றால், மீதிப் பாதி என்ன, வருஷம் முடிந்து எவ்வளவு என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். நான் கையெழுத்துப் போடுவேன்.

தெற்குத் தெரு:

அண்ணே, இப்படி எழுதியதே பெரிது. எங்கள் தெருவில் இரண்டு பேர் படம் நன்றாக வரைவார்கள். ஒரு நாள் உங்கள் பட்டறைக்குக் கூட்டிவருகிறேன். பார்க்கட்டும், பிடித்தால் பேசலாம்.

ஐடிஐ வாத்தியார்:

ஹோட்டல் என்றதும் ஒன்று. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் இப்போது கிடைப்பதே இல்லை. சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவரில் சிமெண்டை அப்பினால் சில வருஷத்தில் பெயர்ந்துவிடும். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். வீடுகளைப் பழுது பார்க்கிற வேலை கூடிக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொடுக்கத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு, மூன்று பேர் எனக்குத் தெரியும். அவர்களுக்கு வயதாகிவிட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்க முடியாத பயிற்சி இது ஒன்றுதான்.

கோனாபட்டுப் பேத்தி:

நேற்று எல்லோரும் போனில் கூடிப் பேசினோம். பத்திரத்தைப் படித்தோம், கல்வியும் ஏழைகள் நலனும் நோக்கத்தில் இருக்கின்றன. அன்னதானத்துக்கான வயல் தனி, அதைத் தொடவில்லை.

மையம் வேண்டாம் என்று பெரியப்பச்சியே சொல்லிவிட்டார்கள். முதல் வருஷம் பன்னிரண்டு பேர். அவர்கள் போகிற பட்டறையையும் கடையையும் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். கற்கிற காலத்துக் கூலியில் பாதி நாங்கள், பாதி பட்டறை. ஓலைக்கும் பில் பணம் வரும் வரைக்கும் ஒரு சுழல்நிதி. எப்படி வைப்பது என்று ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருகிறோம். நர்ஸிங் உதவியாளர் படிப்பு இதில் சேராது என்று ஒரு பங்காளி சொன்னார். நானும் என் தம்பியும் ஒத்துக்கொள்ளவில்லை, சேர்த்துவிட்டோம். வாராவாரம் பிள்ளைகள் கூடிப் பேச ஒரு இடம் வேண்டும் அல்லவா, அதற்கு வீட்டுப் பட்டாலையை (கூடத்தை) திறந்துவிடுகிறோம். முகப்பு வாசல் வழியாக வர வேண்டும்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் எனக்குப் பயம். சிபாரிசு இப்போதே வர ஆரம்பித்துவிட்டது.

தெற்குத் தெரு:

விண்ணப்பப் படிவம் அடிக்காதீர்கள் அக்கா. அடித்தால் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு மன்றத்துக்கு வாருங்கள், மேலாளர் ஐயாவும் வரட்டும். அந்த நேரத்தில்தான் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருப்பார்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் மூன்று, நாலு வாரம் வாருங்கள். முதல் வாரம் பேசாமல் இருக்கிற பெண்கள் மூன்றாம் வாரம் பேசுவார்கள்.

ஓய்வு பெற்ற மேலாளர்:

வருகிறேன் தம்பி. எத்தனை மணிக்கு?

தெற்குத் தெரு:

ஐந்தரைக்கு வந்தால் சரியாக இருக்கும் ஐயா.

தேவகோட்டைத் தையல்:

ஆச்சி, என் கடைக்கு ஒருத்தியை அனுப்புங்கள். காஜா எடுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நான் சொல்லிக்கொடுக்கிறேன். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். என்னோடு படித்த ஒரு பெண் ஊசியில் நூல் கோக்க முடியாமல்தான் நின்றாள். அவளுக்குக் கண் சரியில்லை என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியவில்லை.